பச்சைக் கோடு நகர வேண்டும்: பைதானின் சப்ப்ராசஸ், மூன்று முகூர்த்த சீசன்களுக்குப் பிறகு

கும்பகோணத்தில் மாமா கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். ஒரு கல்யாணம் எடிட் ஆகி வந்தால் கிட்டத்தட்ட மூன்று மணி நேர ஃபைல். அதைப் பெண் வீட்டுக்குப் பென் டிரைவில் ஒரு அளவு, மாப்பிள்ளை வீட்டில் டிவி பெரியது என்பதால் அவர்களுக்கு இன்னொரு அளவு, வாட்ஸாப்பில் அனுப்பத் தாலி கட்டுகிற பகுதி மட்டும் தனியாக என்று மாற்றித் தர வேண்டும். மாற்றுவதெல்லாம் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் புரோகிராம் பார்த்துக்கொள்ளும். ஆனால் மாமா கறுப்புத் திரையில் கமாண்ட் அடிக்க மாட்டார். அதனால் பைதான் மொழியில், ஜன்னல் வரைய உதவும் டிகே இன்டரை வைத்து ஒரு சின்ன ஜன்னல் எழுதிக் கொடுத்தேன். ஃபைலைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டன், ஆரம்பிக்க ஒரு பட்டன், கீழே ஒரு பச்சைக் கோடு. "கோடு நகர்ந்தாத்தான் மாப்ள எனக்கு நம்பிக்கை. இல்லேன்னா ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் வந்து பாத்துக்கிட்டே இருப்பேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அந்தக் கோட்டை நகர்த்த நான் நம்பியது பைதானோடு சேர்ந்தே வரும் சப்ப்ராசஸ் மாட்யூல்; நம் நிரலிலிருந்து வேறொரு புரோகிராமை ஓடவைப்பது இதன் வேலை. விலை எதுவும் இல்லை, தனியாக இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம். 2004-இல் பைதான் 2.4-உடன் வந்தது, அதற்கு முன்பு ஓஎஸ் முதலிய மாட்யூல்களில் ஆளுக்கொரு திசையாகக் கிடந்த நாலைந்து வழிகளை ஒன்றாக்கத்தான் கொண்டுவந்தார்கள். ஒரு புரோகிராமைக் கூப்பிட்டு, அது முடிந்ததும் விடையை வாங்கிக்கொள்வதுதான் உங்கள் தேவை என்றால், தயங்காமல் ஐந்துக்கு ஐந்து தருவேன். இந்த மதிப்புரை அதைப் பற்றியது இல்லை. மணிக்கணக்கில் ஓடுகிற ஒரு புரோகிராம், ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். கேட்கிற நேரத்தில் நம் ஜன்னல் உறையக் கூடாது. அந்த வேலையில் இது எப்படி என்பதை மட்டும்தான் சொல்லப் போகிறேன்.

முதல் பதிப்பில் ரன் என்ற ஃபங்ஷனைப் போட்டேன். வேலை முடியும்வரை அது திரும்பி வராது என்பது தெரிந்ததுதான்; ஆனால் என் லேப்டாப்பில் இருபது விநாடி கிளிப்பை வைத்துச் சோதித்ததால் உறைக்கவில்லை. ஸ்டூடியோவில் கன்வெர்ஷனுக்கு என்று ஒதுக்கிய பழைய சிஸ்டத்தில் உபுண்டு 22.04 போட்டிருந்தேன். மாமா பட்டனை அழுத்தினார், ஜன்னல் செத்த மீனாகக் கிடந்தது. 'பதில் இல்லை, காத்திருக்கவா, மூடவா' என்று உபுண்டு கேட்க, மூடு என்று சொல்லிவிட்டு மறுபடி திறந்து மறுபடி பட்டனை அழுத்தினார். மூன்று தரம். ஜன்னலைக் கொன்றால் அது பெற்ற பிள்ளை சாவதில்லை. நான் போய்ப் பார்த்தபோது மூன்று எஃப்எஃப்எம்பெக் ஒரே ஃபைலில் மாறி மாறி எழுதிக்கொண்டிருந்தன, ஃபேன் சத்தம் வாசல் வரை கேட்டது.

இரண்டாவது பதிப்பில் கெட்டிக்காரத்தனமாகச் செய்வதாக நினைத்தேன். பீஓப்பன் போட்டால் புரோகிராமைக் கிளப்பிவிட்டு உடனே திரும்பி வந்துவிடும். எஃப்எஃப்எம்பெக் தன் சேதியை எல்லாம் ஸ்டாண்டர்ட் எரர் என்ற வெளிவாசலில்தான் எழுதும் என்பதால் அதற்கு ஒரு பைப், அதாவது சேதியை நம் நிரலுக்குக் கொண்டுவரும் குழாய், வைத்தேன். அரை விநாடிக்கு ஒருமுறை 'போல்' (poll) என்ற ஃபங்ஷனால் 'முடிந்ததா?' என்று மட்டும் கேட்பேன். முடிந்த பிறகு பைப்பில் சேர்ந்ததை மொத்தமாகப் படித்துக்கொள்ளலாம். ஜன்னல் உறையவே இல்லை. ஆனால் இப்போது எஃப்எஃப்எம்பெக் உறைந்தது. ஓட ஆரம்பித்து ஐந்தரை நிமிடம் போனால் சிபியு பயன்பாடு சுழியத்துக்கு இறங்கிவிடும். எந்தக் கல்யாணமானாலும் அதே ஐந்தரை நிமிடம். சின்ன கிளிப் என்றால் அதற்கு முன்பே முடிந்துவிடும், பிரச்சினையே தெரியாது.

இரண்டு நாள் எஃப்எஃப்எம்பெக்கைத் திட்டிவிட்டுத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உபுண்டுவுக்கு அடிப்படையான லினக்ஸில் ஒரு பைப்பின் கொள்ளளவு 65,536 பைட், அதன் மையமான கர்னல் 2.6.11-லிருந்து அப்படித்தான். எஃப்எஃப்எம்பெக் அரை விநாடிக்கு ஒருமுறை ஒரு நிலவர வரி எழுதும், ஏறக்குறைய நூறு பைட். விநாடிக்கு இருநூறு என்று வைத்தால் 327 விநாடியில் பைப் நிறைந்துவிடும். மாடித் தொட்டி நிறைந்ததும் ஆட்டோமேட்டிக் சுவிட்ச் மோட்டாரை நிறுத்துமே, அதேபோல் கர்னல் எஃப்எஃப்எம்பெக்கை நிறுத்தி வைத்திருக்கிறது. யாராவது குழாயைத் திறந்தால்தான் மறுபடி ஓடும். நானோ அது ஓடி முடிந்த பிறகுதான் குழாயைத் திறப்பேன் என்று உட்கார்ந்திருக்கிறேன். அப்போது அந்த சிஸ்டத்தில் இருந்தது எஃப்எஃப்எம்பெக் 4.4.

இதைப் பைதான் ஆவணத்தில் மறைக்கவில்லை. வெயிட் ஃபங்ஷனுக்குக் கீழேயே, பைப் நிறைந்தால் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ளும், கம்யூனிகேட் பயன்படுத்துங்கள் என்று எச்சரிக்கை இருக்கிறது. சரி என்று அங்கே போனால், கம்யூனிகேட் எல்லாவற்றையும் நினைவகத்தில் சேர்த்து வைத்து, புரோகிராம் முடிந்த பிறகுதான் கையில் கொடுக்கும். பெயர்தான் கம்யூனிகேட், தபால்காரர் ஒரு வருடக் கடிதத்தையும் மூட்டை கட்டி வைத்திருந்து பொங்கலுக்குக் கொண்டுவந்து போடுகிற மாதிரி.

என் பெரிய புகார் இங்கேதான். கம்யூனிகேட்டின் மூலநிரலைத் திறந்து பாருங்கள், நீளம் ஒன்றும் பயமுறுத்தாது. விண்டோஸில் ஒவ்வொரு பைப்புக்கும் ஒரு த்ரெட், அதாவது நிரலுக்குள்ளேயே தனியாக ஓடும் ஒரு கிளை, போட்டுப் படிக்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் செலக்டர்ஸ் மாட்யூலை வைத்து, எந்தப் பைப்பில் சேதி வந்திருக்கிறதோ அதை மட்டும் படிக்கிறது. நமக்கு வேண்டிய வித்தை முழுவதும் உள்ளேயே இருக்கிறது. வந்தவரைக்கும் இப்போதே கொடு என்று கேட்க மட்டும் ஒரு வாசல் வைக்கவில்லை. வைக்கலாம் என்று 2009-இல் பெப் 3145 என்ற முன்மொழிவு எழுதப்பட்டது. அதுவும் பிறகு திரும்பப் பெறப்பட்டது. கைவேலை தெரிந்த மாமியார், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சமைக்கிற மாதிரி. சாப்பாடு வரும், பக்குவம் கிடைக்காது. இதற்கு ஒரு மதிப்பெண் முழுதாகக் குறைக்கிறேன்.

அப்புறம் ரீட்லைன். ஒரு வரி வரும்வரை காத்திருந்து கொடுக்கும். ஜன்னலின் முதன்மை த்ரெட்டில் இதைக் கூப்பிட்டால் மறுபடி செத்த மீன். அதோடு இன்னொரு வம்பும் உண்டு. எஃப்எஃப்எம்பெக் தன் நிலவர வரியை நியூலைன் போட்டு முடிப்பதில்லை. கேரியேஜ் ரிட்டர்ன் போட்டு அதே வரியின் மேலேயே மறுபடி எழுதும். பைட்டாகப் படித்தால் ரீட்லைனுக்கு அது முடிவே இல்லாத ஒரே வரி. டெக்ஸ்ட் என்ற தேர்வை ட்ரூ என்று கொடுத்தால் பைதான் கேரியேஜ் ரிட்டர்னையும் வரி முடிவாக எடுத்துக்கொள்ளும், நல்ல விஷயம். ஆனால் அடுத்து நியூலைன் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வரியை விடும் என்பதால் நிலவரம் எப்போதும் ஒரு அடி பின்னால் வரும். கல்யாண வீடியோவுக்கு அரை விநாடி ஒரு பொருட்டில்லை. இதைக் கண்டுபிடிக்கப் போன ராத்திரியைத்தான் யாரும் திருப்பித் தரப் போவதில்லை.

இதற்கு எஃப்எஃப்எம்பெக்கிலேயே நல்ல வழி இருக்கிறது, அதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ப்ராக்ரஸ் என்ற தேர்வைக் கொடுத்து, பைப் 1 என்று சொன்னால், நிலவரத்தை ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் 'பெயர் சமம் மதிப்பு' என்று சுத்தமான வரிகளாக, நியூலைனோடு எழுதும். ஒவ்வொரு தொகுப்பின் கடைசியிலும் தொடர்கிறது அல்லது முடிந்தது என்று ஒரு வரி. மொத்த நீளத்தை எஃப்எஃப்எம்பெக்கோடு வரும் எஃப்எஃப்ப்ரோபில் முன்பே வாங்கிக்கொண்டால் சதவீதம் வந்துவிடும். ஒரே ஒரு கண்ணிவெடி: 'அவுட் டைம் எம்எஸ்' என்று ஒரு வரி வரும். பெயரைப் பார்த்து மில்லி விநாடி என்று நம்பாதீர்கள். உள்ளே இருப்பது மைக்ரோ விநாடி. நான் நம்பினேன். பட்டனை அழுத்திய சில விநாடிகளில் பச்சைக் கோடு நூறைத் தொட்டுவிட்டது. "அடேயப்பா, புது சிஸ்டமே வேணாம் போல இருக்கே" என்று மாமா பூரித்துப் போனார். சொல்ல மனசு வரவில்லை. பக்கத்திலேயே 'அவுட் டைம் யூஎஸ்' என்று நேர்மையான பெயரோடு இன்னொரு வரி இருக்கிறது, அதை எடுங்கள்.

மூன்று வருடமாக ஓடுகிற வடிவம் இதுதான். தனி த்ரெட் ஒன்று பைப்பின் வாயில் உட்கார்ந்து ரீட்லைன் செய்துகொண்டே இருக்கும். அது காத்திருந்தால் இருக்கட்டும், அதற்கு வேறு வேலை கிடையாது. கிடைத்த வரியை ஒரு கியூவில் போடும். ஜன்னல் பக்கம் டிகே இன்டரின் ஆஃப்டர் மூலம் நூறு மில்லி விநாடிக்கு ஒருமுறை கெட் நோவெயிட் என்று கியூவை எட்டிப் பார்க்கும். இருப்பதை எல்லாம் எடுத்துக் கோட்டை நகர்த்தும், காலி என்றால் பேசாமல் போய்விடும். பைப் மூடியதும் த்ரெட் கடைசியாக 'நன்' (None) என்ற வெற்று மதிப்பைப் போடும், அதைப் பார்த்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். ஸ்டாண்டர்ட் எரருக்கும் இதேபோல் இன்னொரு த்ரெட், அல்லது நேராக ஒரு லாக் ஃபைலுக்குத் திருப்பிவிடுங்கள். ஒரு பைப்பைப் படித்துக்கொண்டு இன்னொன்றை மறந்தால் அதே ஐந்தரை நிமிட வைத்தியம்தான். த்ரெட்டுக்குள் இருந்துகொண்டு கோட்டையோ லேபிளையோ தொடாதீர்கள். சில நாள் ஓடும், சரியாகக் கல்யாணத்துக்கு முந்தின நாள் விழும். மொத்தம் முப்பது வரி. அழகில்லை, ஆனால் இதற்குப் பிறகு ஒருநாளும் உறையவில்லை.

பைப்பையே நான்பிளாக், அதாவது படிக்கப் போனால் காத்திருக்க வைக்காதது, ஆக்கிவிடலாமே என்று நினைப்பவர்களுக்கு: லினக்ஸில் செய்யலாம், பைதான் 3.5-லிருந்து ஓஎஸ் மாட்யூலில் செட் பிளாக்கிங் இருக்கிறது. சேதி வராதபோது வெறுங்கையோடு திரும்பும். ஆனால் வரி முழுதாக வருமா, பாதியில் வருமா என்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு; பாதியைச் சேமித்து வைத்து அடுத்ததோடு ஒட்ட வேண்டும். எதில் சேதி வந்திருக்கிறது என்று சொல்லும் செலக்ட் போட்டு லினக்ஸில் அழகாக ஓடிய என் நிரல், மாமா அடுத்த வருடம் எடிட்டிங் செய்கிற விண்டோஸ் மெஷினிலும் வேண்டும் என்றதும் படுத்துவிட்டது. விண்டோஸில் செலக்ட் நெட்வொர்க் சாக்கெட்டுக்கு மட்டும்தான், பைப்புக்குக் கிடையாது. செட் பிளாக்கிங்கும் விண்டோஸ் பைப்புகளுக்கு வந்தது 3.12-இல்தான். த்ரெட் நிரலை மட்டும் ஒரு எழுத்து மாற்றாமல் அங்கே கொண்டுபோய் வைத்தேன், ஓடியது.

காத்திருக்கும் வேலைகளை ஒரே த்ரெட்டில் மாறி மாறிக் கவனிக்கிற பைதான் மாட்யூலான அசிங்க்ஐஓவையும் ஒரு மாதம் வைத்துப் பார்த்தேன். படிக்கச் சுகம்: அவெய்ட் போட்டு ரீட்லைன், அவ்வளவுதான், த்ரெட்டும் இல்லை கியூவும் இல்லை. கேமராவிலிருந்து வரும் கார்டுகளை வரிசையாக நகலெடுக்கும் ஜன்னல் இல்லாத ஸ்க்ரிப்டுக்கு இப்போதும் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் இதில் பைட் மட்டும்தான் வரும், டெக்ஸ்ட் தேர்வு கிடையாது. ரீட்லைனுக்கு 64 கேபி என்று ஒரு வரம்பும் இருக்கிறது. அதாவது, எஃப்எஃப்எம்பெக்கின் அந்த முடிவில்லாத கேரியேஜ் ரிட்டர்ன் வரியை இதில் விட்டால், மறுபடி சரியாக ஐந்தரை நிமிடத்தில் வேல்யூ எரர். ப்ராக்ரஸ் தேர்வைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. டிகே இன்டருக்கு ஒரு லூப், அசிங்க்ஐஓவுக்கு ஒரு லூப் என்று இரண்டு எஜமானர்களை ஒரே வீட்டில் வைக்க முடியாமல்தான் ஜன்னலில் கைவிட்டேன். டிகே இன்டருக்குப் பதிலாக க்யூட்டியில் ஜன்னல் எழுதுகிறவர்கள் இவ்வளவும் படிக்கவே வேண்டாம். அதிலுள்ள க்யூபிராசஸ் சேதி வந்ததும் சிக்னல் கொடுத்துக் கூப்பிடும். அதில் வெயிட் ஃபார் ஃபினிஷ்டு என்று ஒன்று இருக்கிறது, அதை மட்டும் ஜன்னல் த்ரெட்டில் தொடாதீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒன்றுமே வராத அனுபவம் ஒன்று மிச்சம் இருக்கிறது. பென் டிரைவுக்கு நகலெடுத்துச் சரிபார்க்க நானே ஒரு பைதான் ஸ்க்ரிப்ட் எழுதி, அதே ஜன்னலிலிருந்து ஓடவிட்டேன். கறுப்புத் திரையான டெர்மினலில் வரிவரியாக வருகிறது. ஜன்னலில் கடைசிவரை மௌனம், முடியும்போது எல்லா வரியும் ஒன்றாகக் கொட்டுகிறது. த்ரெட்டைச் சந்தேகப்பட்டேன், கியூவைச் சந்தேகப்பட்டேன். குற்றவாளி என் ஸ்க்ரிப்டேதான். திரைக்கு எழுதினால் வரிக்கு வரி வெளியே விடுகிற புரோகிராம், பைப்புக்கு எழுதும்போது சிக்கனம் பார்த்து பஃபர் என்ற தற்காலிகத் தொட்டி நிறையும்வரை கையிலேயே வைத்துக்கொள்ளும். பைதான் மட்டும் இல்லை, சி நூலகத்தின் வழக்கமும் இதுதான். ஸ்டாண்டர்ட் எரர் அப்படித் தேக்கி வைப்பதில்லை, ப்ராக்ரஸ் வரிகளையும் எஃப்எஃப்எம்பெக் தானே உடனே தள்ளிவிடும். அதனால்தான் எஃப்எஃப்எம்பெக்கின் சேதிகள் எனக்கு உடனுக்குடன் வந்தன, நானும் உலகமே அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். ஸ்க்ரிப்ட் நம்முடையது என்றால் பிரிண்ட்டில் ஃப்ளஷ் கொடுங்கள், அல்லது பைதானைக் கூப்பிடும்போது ஹைஃபன் யூ போடுங்கள். வேறு ஒருவருடைய சி புரோகிராம் என்றால் லினக்ஸில் எஸ்டிடிபஃப் என்ற கருவியை முன்னால் வைத்துப் பார்க்கலாம். அந்தப் புரோகிராம் தானே பஃபரை வைத்துக்கொண்டிருந்தால் அதுவும் உதவாது. அப்போது பொய்த் திரை ஒன்றைக் காட்டி ஏமாற்ற வேண்டியதுதான், பிஎக்ஸ்பெக்ட் அதைச் செய்யும். இதில் சப்ப்ராசஸ் மேல் தப்பே இல்லை, மதிப்பெண் குறைக்கவில்லை.

நிறுத்து பட்டனைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெர்மினேட் என்று கூப்பிட்டால் லினக்ஸில் எஃப்எஃப்எம்பெக் மரியாதையாக ஃபைலை முடித்துவிட்டுப் போகும். விண்டோஸில் அது ஒரே வெட்டு. எம்பி4-இன் கடைசியில் எழுத வேண்டிய பொருளடக்கம் எழுதப்படாமல் போய், ஃபைல் எந்த பிளேயரிலும் ஓடாது. நான் ஸ்டாண்டர்ட் இன்புட்டுக்கும் பைப் வைத்து, நிறுத்து என்றால் 'க்யூ' என்ற ஆங்கில எழுத்தை அதில் எழுதி ஃப்ளஷ் செய்கிறேன். டெர்மினலில் க்யூவை அழுத்துவதும் இதுவும் ஒன்றுதான், இரண்டு சிஸ்டத்திலும் வேலை செய்கிறது. நிறுத்து பட்டன் வேண்டாம் என்றால் அந்த இன்புட்டை, எதுவுமே வராத வெற்று வாசலான டெவ்நல்லுக்குக் கட்டிவிடுங்கள். நான் டெர்மினலிலிருந்து ஜன்னலைத் திறந்துவிட்டு, அதே டெர்மினலில் வேறு ஏதோ டைப் அடிக்கப் போய், அதில் ஒரு க்யூ இருந்ததால் நலங்கோடு ஒரு கல்யாணம் முடிந்துபோனது.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. கதவைச் சாத்திய சமையலுக்கு ஒன்று போனது, கம்யூனிகேட் என்று பெயர் வைத்ததற்கு அரை. வேறு மாட்யூலுக்குப் போவேனா என்றால் மாட்டேன். அந்த முப்பது வரி எனக்கு இப்போது மனப்பாடம்.

கோடு இன்னமும் ஒரு இடத்தில் நிற்கிறது. வீடியோ போனில் சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும் என்று ஃபாஸ்ட்ஸ்டார்ட் தேர்வைப் போட்டிருக்கிறேன். அதனால் எஃப்எஃப்எம்பெக் கடைசியில் அந்தப் பொருளடக்கத்தை ஃபைலின் தலைப்பகுதிக்கு நகர்த்தி, மொத்தத்தையும் ஒருமுறை தள்ளி எழுதும். அந்த நேரத்தில் நிலவர வரி எதுவும் வராது. எந்த த்ரெட் போட்டாலும் வராததைப் படிக்க முடியாது. கோடு நூறிலேயே நிற்க, 'அடுக்கி வைக்கிறது, பென் டிரைவைப் பிடுங்க வேண்டாம்' என்று கீழே எழுதி வைத்திருக்கிறேன். மாமா அதைப் படிப்பதில்லை. நூறு வந்ததும் எனக்குப் போன் செய்து, "மாப்ள, எடுக்கலாமா?" என்று கேட்கிறார்.